ஞாயிற்றுக்கிழமை அரபு: ஓதலுக்கும் மொழிக்கும் நடுவே

கேள்வி

நெடுமங்காடு தாண்டி, விதுர வழியாகக் கல்லாறு வரை வந்துவிட்டால் பொன்முடிக்கு 22 கொண்டை ஊசி வளைவுகள். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் மூடுபனி, தேயிலைத் தோட்டங்கள், தமிழ்நாட்டிலிருந்து தலைமுறைகளுக்கு முன்பே வந்து தங்கிவிட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு இது ஞாயிற்றுக்கிழமை மலை. நகரத்திலிருந்து ஏறும் வண்டிகளில் வரும் முஸ்லிம் குடும்பங்களில், காலை அரபு வகுப்பை முடித்த கையோடு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பியவர்களும் இருப்பார்கள். அன்றைக்கு வகுப்புக்கு மட்டம் போட்டவர்களும் இருப்பார்கள்.

வார இறுதி அரபு வகுப்பு பழைய வழக்கம் இல்லை. தமிழ் முஸ்லிம்களிடம் ஓதப்பள்ளியும் மக்தபும், கேரளத்தில் ஓத்துப்பள்ளியும் அதன்பின் மதரசாவும், நாள்தோறும் நடப்பவை. விடிந்ததும் அல்லது மக்ரிபுத் தொழுகைக்குப் பின் பிள்ளை போயாக வேண்டும். ஆங்கில வழிப் பள்ளியும் பள்ளி வேனும் டியூஷனும் வந்தபின் காலை நேரம் கைவிட்டுப் போயிற்று. எஞ்சியது சனி, ஞாயிறு. அந்த இரண்டு மணி நேரத்தில் ஐந்து வயதுக் குழந்தை எதைக் கற்கிறது, எதைக் கற்க முடியும், எதைக் கற்றுத்தருவதாக அந்த வகுப்பு சொல்லிக்கொள்கிறது என்பதே இந்தக் கட்டுரை எடுத்துக்கொண்ட கேள்வி. மூன்றுக்கும் நடுவில் உள்ள இடைவெளி வெளியில் பேசப்படுவதைவிடப் பெரியது. அந்த இடைவெளிக்குக் குழந்தையின் வயதோ ஆசிரியரின் கண்டிப்போ காரணம் இல்லை. கற்ற எழுத்துக்குச் செலவழிக்க இடம் இல்லாமல் போனதுதான் காரணம் என்பது இங்கே வைக்கப்படும் வாதம்.

வக்கத்திலிருந்து தொடங்கிய வழி

பொன்முடியிலிருந்து இறங்கி அதே மாவட்டத்தின் கடலோரத்துக்குப் போனால் வக்கம் என்ற ஊர். 1873-இல் அங்கே பிறந்த வக்கம் முகம்மது அப்துல் காதர் மௌலவியைப் பொதுவாக இதழியல் வரலாற்றில்தான் நினைவுகூர்கிறார்கள். 1905-இல் அவர் தொடங்கிய ‘சுதேசாபிமானி’ இதழை ராமகிருஷ்ண பிள்ளை ஆசிரியராக இருந்து நடத்தினார். திருவிதாங்கூர் அரசு 1910 செப்டம்பரில் அச்சகத்தைப் பறிமுதல் செய்து பிள்ளையை நாடு கடத்தியது. அச்சகத்தை இழந்த மௌலவி அதன்பின் செய்தவற்றுள் ஒன்று குழந்தைகளின் அரபுக் கல்வி பற்றியது. அதை எழுதுபவர்கள் குறைவு.

எகிப்தின் ‘அல் மனார்’ இதழைப் படித்து வளர்ந்த சீர்திருத்தவாதி அவர். முஸ்லிம் மாணவர்கள் உள்ள அரசுப் பள்ளிகளில் அரபு கற்பிக்க வேண்டும் என்று திருவிதாங்கூர் அரசிடம் மனு மேல் மனு போட்டார். அரசு இசைந்தது. பள்ளிக்கூடத்தைச் சந்தேகத்தோடு பார்த்த சமூகத்தைப் பள்ளிக்குள் கொண்டுவர அதுவும் ஒரு வழி என்ற கணக்கு இரு தரப்பிலும் இருந்தது. மௌலவி மனுவோடு நிற்கவில்லை. குழந்தைகளுக்கான அரபுப் பாடநூல்களை எழுதினார்; தொடக்கப்பள்ளி அரபு ஆசிரியர்களுக்குப் பயிற்சிக் கையேடு எழுதினார்; ஆசிரியர் தகுதித் தேர்வு ஏற்பட்டபோது அதன் முதன்மைத் தேர்வாளராகவும் இருந்தார். பாடநூல், கையேடு, தேர்வு என்ற இந்த மூன்றும் சேர்ந்துதான் அரபைப் பள்ளிப் பாடமாக்கின. இன்றைய வார இறுதி வகுப்புகளில் இவற்றுள் முதலாவது மட்டுமே பொதுவாகக் கண்ணில் படுகிறது, அதுவும் கடையில் வாங்கிய காயிதா என்ற அரபு அரிச்சுவடியாக.

மலபாரிலும் ஏறக்குறைய அதே காலத்தில் இன்னொருவர் இதே சிக்கலோடு மோதிக்கொண்டிருந்தார். வாழக்காடு தாருல் உலூமில் சாலிலகத்து குஞ்ஞகமது ஹாஜி (இறப்பு 1919) கரும்பலகை, பெஞ்சு, வகுப்புப் பிரிப்பு ஆகியவற்றைக் கொண்டுவந்தார். வெண்மண் பூசிய மரப்பலகையில் மையால் எழுதி, மனப்பாடமானதும் கழுவிவிட்டு அடுத்த பாடத்தை எழுதிக்கொண்டிருந்த ஓத்துப்பள்ளிக்கு அது பெரிய மாற்றம். கரும்பலகைக்கு எதிர்ப்பு வந்ததில் வியப்பில்லை. பலகையைக் கழுவிய நீரைக்கூடக் காலில் மிதிபடாத இடத்தில் ஊற்றிய காலம் அது.

கடலோரத் தமிழ் முஸ்லிம் ஊர்களில் பள்ளிக்கூடத்தின் மேல் இருந்த அச்சத்தை அறிய ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டியதில்லை. தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ நாவலில் ஊருக்குள் வரும் ஆங்கிலப் பள்ளிதான் மோதலின் மையம். மீரான் பிறந்த தேங்காய்ப்பட்டணம் அன்றைக்குத் திருவிதாங்கூர். வக்கம் மௌலவி பேசியது இந்த ஊர்களையும் சேர்த்துத்தான்.

ஓதல் என்ற திறமை

வார இறுதி வகுப்பை விமர்சிப்பவர்கள் முதலில் எடுக்கும் ஆயுதம், ‘பொருள் தெரியாமல் ஓதுகிறார்கள்’ என்பது. குற்றச்சாட்டு சரி, ஆனால் அவசரமானது. பொருள் தெரியாத மொழியின் எழுத்தைப் பார்த்துப் பிழையின்றி, நீட்டல் குறுக்கலோடு ஓதுவது ஒரு திறமை. அதற்கென்று தஜ்வீத் என்ற முழு இலக்கணமே உண்டு. அந்தத் திறமை குழந்தையின் மூளைக்கு என்ன செய்கிறது என்று பார்த்தவர்களும் இருக்கிறார்கள்.

சில்வியா ஸ்கிரிப்னரும் மைக்கேல் கோலும் லைபீரியாவின் வாய் மக்களிடையே ஆய்வு செய்து 1981-இல் வெளியிட்ட ‘எழுத்தறிவின் உளவியல்’ இத்துறையில் தவிர்க்க முடியாத நூல். வாய் மக்களிடம் மூன்று எழுத்து மரபுகள் அருகருகே இருந்தன: பள்ளியில் ஆங்கிலம், வீட்டுக் கடிதங்களுக்குச் சொந்த வாய் எழுத்து, குர்ஆன் ஓத அரபு. மூன்றையும் ஒப்பிட்டதில், குர்ஆன் ஓதக் கற்றவர்கள் சொற்களை வரிசை மாறாமல், ஒன்றோடொன்று சேர்த்து நினைவில் நிறுத்தும் சோதனையில் முன்னே நின்றார்கள். பொதுவான அறிவுத்திறன் எதுவும் அதனால் கூடியதாகத் தெரியவில்லை. எதைப் பழகினார்களோ அதில் தேர்ந்தார்கள், அவ்வளவுதான். ஓதல் வகுப்பைத் தூக்கிப்பிடிப்பவர்களுக்கும் தூற்றுபவர்களுக்கும் இந்த முடிவு முழு நிறைவு தராது.

மொரோக்கோவில் டேனியல் வாக்னரும் அவருடைய சக ஆய்வாளர்களும் கண்டது சற்று வேறு. வீட்டில் பெர்பர் பேசும் குழந்தைகள், அரபு பேசும் குழந்தைகளைவிடப் பின்தங்கித் தொடங்கினார்கள். ஐந்தாம் ஆண்டு வாக்கில் அரபு வாசிப்பில் ஏறத்தாழ எட்டிப்பிடித்துவிட்டார்கள். தாய்மொழி அல்லாத மொழியில் எழுத்தறிவு பெறுவது குழந்தையை என்றென்றைக்கும் ஊனப்படுத்தும் என்ற கருத்தை இது அசைத்தது. ஆனால் மொரோக்கோக் குழந்தைக்கு வாரம் முழுவதும் அரபுப் பள்ளி. கடைப் பலகையிலும் வானொலியிலும் தெருவிலும் அரபு. எழுத்தைக் கற்றபின் அதைக் கொண்டுபோய்ப் பயன்படுத்த ஊரே இருந்தது. பொன்முடிக் குழந்தைக்கோ காயல்பட்டினக் குழந்தைக்கோ வகுப்புக்கு வெளியே அந்த ஊர் இல்லை. முன்பு ஒரு வகையில் இருந்தது.

இடையில் இருந்த பாலம்

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களின் பழைய வீட்டு அலமாரிகளில் அரபு எழுத்தில் அச்சான புத்தகங்கள் இன்னும் கிடைக்கும். எடுத்து வாசித்தால் மொழி தமிழ். அரபுத் தமிழ் அல்லது அர்வி என்று அழைக்கப்படும் இந்த எழுத்துமுறையில், அரபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கென்று புள்ளியும் கோடும் கூட்டிப் புது எழுத்துகள் செய்துகொண்டார்கள். எகர ஒகரங்களுக்குத் தனிக் குறி வைத்தார்கள். உயிர்க்குறிகளை விடாமல் எழுதினார்கள். கீழக்கரையின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) மார்க்கச் சட்டத்தையே சாதாரண வாசகருக்கு இந்த எழுத்தில் எழுதிக்கொடுத்தார். தமிழ் எழுத்து படிக்காத பெண்கள் பலர் இதைப் படித்தார்கள்.

கேரளத்தில் அரபு மலையாளம் இதற்கு இணையானது, பரப்பில் இன்னும் பெரியது. அறியப்பட்ட முதல் நூலான ‘முஹ்யித்தீன் மாலை’ 1607-இல் கோழிக்கோட்டுக் காஜி முஹம்மது இயற்றியது. வக்கம் மௌலவி 1918-இல் தொடங்கிய ‘அல் இஸ்லாம்’ இதழுக்கும் அரபு மலையாளத்தையே தேர்ந்தெடுத்தார். மலையாள எழுத்தில் புகழ்பெற்ற இதழ் நடத்தியவர் அரபு எழுத்துக்குத் திரும்பியது பழமைப் பற்றால் அல்ல; அவர் எட்ட நினைத்த வாசகர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, தெரிந்த எழுத்து அதுதான்.

இந்த எழுத்துமுறைகளை மொழியியல் விந்தையாகவும் இலக்கியச் சொத்தாகவும் பார்க்கும் ஆய்வுகள் நிறைய உண்டு. கற்பித்தல் நோக்கில் அவை செய்த வேலையை யாரும் அதிகம் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. ஓதப்பள்ளியில் அலிஃப் பே கற்ற குழந்தை, அதே எழுத்தால் சில மாதங்களில் தன் தாய்மொழியை வாசித்தது. வாசித்தது புரிந்தது. எழுத்துக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு அரபு மொழி வழியாக வராமல் தமிழ் வழியாக வந்தது. அதனால் எழுத்து கையில் நிலைத்தது. கூடவே தொழுகை, நோன்பு, வணிகம் பற்றிய நூற்றுக்கணக்கான அரபுச் சொற்கள் தமிழ் வாக்கியத்துக்குள் பொருளோடு வந்து உட்கார்ந்தன.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. அரபுத் தமிழ் வாசித்தவர்களால் அரபில் ஒரு வாக்கியம் பேச முடிந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை. இலக்கணம் கற்க ஆலிம் பட்டப் படிப்புக்கு, வேலூர் பாகியாத்துக்கோ வேறு மதரசாவுக்கோ போக வேண்டியிருந்தது. பாலம் தந்தது சரளமான எழுத்து வாசிப்பும் ஒரு சொல் இருப்பும் மட்டுமே.

தமிழ்நாட்டில் பாலம் எப்போது அறுந்தது? ஒரே நாளில் இல்லை. தமிழ் எழுத்துப் பள்ளிகள் பெருகின. பெண்களும் பள்ளிக்குப் போனார்கள். முஸ்லிம் இதழ்கள் தமிழ் எழுத்தில் வந்தன. அ.கா. அப்துல் ஹமீது பாகவியின் முழுமையான குர்ஆன் தமிழாக்கம் 1949-இல் வெளிவந்தபோது, பொருள் தேடுபவர் போக வேண்டிய இடம் தமிழ் அச்சு என்பது உறுதியாகிவிட்டது. சமூகத்துக்கு அது பெரும் நன்மை. அதன் இன்னொரு விளைவாக, அரபு எழுத்து ஓதலுக்கு மட்டுமான எழுத்தாக ஒதுங்கியது. கேரளத்தில் 1951-இல் உருவான சமஸ்த கேரள இஸ்லாம் மத வித்யாப்யாச வாரியம் (இன்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மதரசாக்களைக் கொண்டது) தொடக்க வகுப்புப் பாடநூல்களை அரபு மலையாளத்திலேயே அச்சிட்டுவருகிறது. காலத்துக்கு ஒவ்வாத பிடிவாதம் என்று சீர்திருத்தத் தரப்பினர் இதைக் குறை சொல்வார்கள். கற்பித்தல் கண்ணோடு பார்த்தால் அந்தப் பிடிவாதத்தில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது: கற்ற எழுத்துக்கு அன்றாட வேலை கிடைக்கிறது.

பல்லும் புள்ளியும்

வார இறுதி வகுப்பின் முதல் சில மாதங்கள் எங்கே செலவாகின்றன என்பதைக் காயிதாவின் ஒரு பக்கத்தைத் திறந்தாலே பார்க்கலாம். பே, தே, ஸே மூன்றும் ஒரே தோணி. கீழே ஒரு புள்ளி என்றால் பே, மேலே இரண்டு என்றால் தே, மூன்று என்றால் ஸே. இதுவரை குழந்தைக்குச் சிரமமில்லை. அடுத்த பக்கத்தில் எழுத்துகள் சேர்கின்றன. சொல்லின் முதலில் வரும்போது தோணி மறைந்து ஒரு சிறு பல் மட்டும் மிஞ்சுகிறது. இந்த மூன்றோடு நூனும் யேயும் அதே பல்லாகிவிடுகின்றன. ஐந்து எழுத்துக்கு ஒரே பல்; வித்தியாசம் புள்ளியில் மட்டும். இதற்கு நேர்மாறாக அலிஃப், தால், ரே, வாவ் முதலிய ஆறு எழுத்துகள் தமக்கு அடுத்து வரும் எழுத்தோடு கைகோக்க மாட்டேன் என்று நிற்கும். தமிழில் இடமிருந்து வலமாகத் தனித்தனி எழுத்தாகப் பழகும் கை, ஞாயிறு மட்டும் வலமிருந்து இடமாகச் சேர்த்து எழுத வேண்டும். அடுத்த ஞாயிறு வருவதற்குள் புள்ளிகள் இடம் மாறிவிடும்.

எழுத்துக் கூட்டும் முறையிலும் ஊருக்கு ஊர் வேறுபாடு. தமிழ்நாட்டின் பல மக்தபுகளில் ‘அலிஃப் ஜபர் அ, அலிஃப் ஜேர் இ, அலிஃப் பேஷ் உ’ என்று குழந்தைகள் ராகம் போடுவார்கள். கேரள மதரசாவில் அதே குறிகளுக்கு ஃபத்ஹ், கஸ்ர், ளம்ம். முன்னது பாரசீக, உருது வழி. பின்னது அரபு வழி. திருவனந்தபுரத்தில் மதரசாவுக்குப் போய், விடுமுறைக்குத் தமிழ்நாட்டு ஆச்சி வீட்டில் ஓதும் பிள்ளைக்கு இரண்டு கணக்கு. சிறு விஷயம்தான், வாரம் ஒருமுறை மட்டும் பாடம் நடக்கும் இடத்தில் அது சிறிதாக இருப்பதில்லை.

ஒலிகளின் கதை இன்னும் சுவையானது. ஸே, ஸீன், ஸாத் மூன்றும் தமிழ்க் காதில் ஒரே ஸகரம். ளாத் என்ற எழுத்தைத் தென்னிந்திய முஸ்லிம்கள் ளகரமாகக் கேட்டார்கள், அதனால்தான் ரமளான். அதே எழுத்து பாரசீகம் சுற்றி அரசு அலுவலக வழியாகத் தமிழுக்கு வந்தபோது ஜகரமானது: ஆஜர், ஜப்தி, மாஜி. வாரிசு, வசூல், பாக்கி, அசல், நகல் என்று தாலுகா அலுவலக வாசலில் புழங்கும் அரபு வேர்ச்சொற்களின் பட்டியலே முதலாண்டுப் பாடநூலை நிரப்பும். பெரும்பாலான காயிதாக்கள் இந்த இருப்பைத் தொடுவதே இல்லை. குழந்தை வாயில் ஏற்கெனவே இருக்கும் ஸலாம், பிஸ்மி, ஏழு வசனங்கள் கொண்ட பாத்திஹா ஆகியவற்றிலிருந்து பொருள் நோக்கி நகர்வதும் அரிதாகவே நடக்கிறது.

மணிக்கணக்கு

அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசும் தன் அதிகாரிகள் அரபில் தொழில்முறைத் தேர்ச்சி பெற 88 வாரங்கள், 2,200 வகுப்பு மணி வேண்டும் என்று கணக்கிடுகிறது. வாரத்துக்கு இரண்டு மணி, ஆண்டுக்கு நாற்பது வாரம் என்று நடக்கும் ஞாயிறு வகுப்பு ஆண்டுக்கு 80 மணி தரும். 2,200-ஐ எட்ட இருபத்தேழரை ஆண்டு. ஐந்து வயதில் சேர்ந்த குழந்தை அதற்குள் தன் குழந்தையை அதே வகுப்பில் சேர்த்திருக்கும். வளர்ந்த தூதரக அதிகாரியின் அளவுகோலால் குழந்தையை அளப்பது நியாயமா என்று கேட்கலாம்; நியாயமில்லைதான். ஆனாலும் எவ்வளவு பெரிய மலையின் அடியில் எவ்வளவு சிறிய ஏணியைச் சாத்தியிருக்கிறோம் என்பது இந்தக் கணக்கில் தெரிகிறது. நாளுக்கு ஒன்றரை மணி, வாரத்துக்கு ஆறு நாள் நடக்கும் மதரசா என்றால் வாரத்துக்கு ஒன்பது மணி. ஞாயிறு வகுப்பு அந்த மதரசாவின் இலக்கை அப்படியே எடுத்துக்கொண்டு, நேரத்தை மட்டும் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே குறைத்துவிட்டது.

‘சின்ன வயதில் தொடங்கினால் ஒட்டிக்கொள்ளும்’ என்ற நம்பிக்கையும் சோதிக்கப்பட்டிருக்கிறது. பார்சலோனாவில் கார்மென் முனோஸ் தலைமையில் நடந்து 2006-இல் நூலாக வந்த நீண்ட ஆய்வு, எட்டு வயதில் ஆங்கிலம் தொடங்கியவர்களையும் பதினொரு வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டது. வகுப்பு மணிகள் சமமாக இருந்தபோது, தாமதமாகத் தொடங்கியவர்களே வேகமாகக் கற்றார்கள். சிறுவயதின் அனுகூலம் மொழி வெள்ளத்தில் முங்கிக் கிடக்கும் குழந்தைக்கே கிடைக்கிறது; வாரத்துக்கு ஓரிரு மணித் தூறலில் கிடைப்பதில்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகள் நடத்தும் லண்டன், டொரண்டோத் தமிழர்கள் இதை அனுபவத்தில் அறிவார்கள். அங்கே வீட்டில் பாட்டியாவது தமிழ் பேசுவார். அரபு வகுப்புக்கு அந்தப் பாட்டியும் இல்லை.

இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. எந்த அரபு? சார்லஸ் ஃபெர்குசன் 1959-இல் இரட்டை வழக்கைப் பற்றி எழுதியபோது எடுத்துக்காட்டிய நான்கு மொழிச் சூழல்களுள் அரபு முக்கியமானது. பின்னாளில் தமிழும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. மேடைத் தமிழும் வீட்டுத் தமிழும் வேறு என்று அறிந்த வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குர்ஆன் அரபு, செய்தி அரபு, துபாய்க் கடைத்தெரு அரபு மூன்றும் ஒன்றல்ல. வளைகுடா வேலையை மனத்தில் வைத்துப் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோருக்கு வகுப்பு தருவது முதலாவதை. ஐக்கிய அரபு அமீரகத்திலோ தனியார் பள்ளிகளில் அரபு பேசாத மாணவர்களுக்கும் ஒன்பதாம் வகுப்பு வரை அரபு கட்டாயப் பாடம். கேரள, தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அங்கே படிக்கிறார்கள்.

பள்ளி மணிக்கு உள்ளேயும் வெளியேயும்

1956 நவம்பர் 1-இல் கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளை வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. வக்கம் மௌலவி வாதாடிய திருவிதாங்கூர் இரண்டாகப் பிரிந்தது. மேற்குப் பக்கம் கேரளத்தில் அரபு, அரசுப் பள்ளியின் முதல் வகுப்பிலிருந்தே மொழிப் பாடமாகத் தொடர்கிறது. பாடநூலை மாநிலக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் தருகிறது. பள்ளிக் கலோத்ஸவத்தில் அரபுக்குத் தனிப் போட்டிகள் உண்டு. கிழக்கே, 1968-இல் இருமொழிக் கொள்கையும் 2006-இல் தமிழ் கற்றல் சட்டமும் வந்த மாநிலத்தில், சிறுபிள்ளைகளின் அரபுக்கு வழக்கமான இடம் பள்ளிவாசல் மக்தபும் கோடைக்கால தீனியாத் வகுப்பும் வார இறுதியுமே. தமிழ்நாட்டின் மொழிக் கொள்கைக்கு அதன் காரணங்கள் உண்டு. அதைக் குறை சொல்ல வரவில்லை. ஒரே கடலோரச் சமூகத்தின் குழந்தைகளுக்குக் கால அட்டவணை எப்படி வேறாயிற்று என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

கேரளத்தில் அந்த இடம் சும்மா நிலைத்துவிடவில்லை. 1980-இல் இ.கே. நாயனார் அரசு அரபு, உருது, சமஸ்கிருத ஆசிரியர் நியமனங்களைப் பாதிக்கும் ஆணைகளைக் கொண்டுவந்தபோது முஸ்லிம் லீக் இளைஞர் அணி போராடியது. ஜூலை 30 அன்று மலப்புரத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று இளைஞர்கள் இறந்தார்கள். பின்னர் ஆணைகள் கைவிடப்பட்டன. 2025-இல் உயர்நிலை வகுப்புகளின் பள்ளி நேரத்தை அரை மணி கூட்டியபோது, காலை மதரசா பாதிக்கப்படும் என்று சமஸ்த எதிர்த்தது. கால் மணி முன்னே, கால் மணி பின்னே என்ற மாற்றம் மாநில அரசியலானதை வெளியூர்க்காரர்கள் வேடிக்கையாகப் பார்த்தார்கள். தமிழ்நாட்டில் அந்தக் காலை நேரம் ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லாமலே போய்விட்டது.

அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவு, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் சமயப் போதனையைத் தடுக்கிறது. ஆகவே கேரள அரசுப் பள்ளியில் அரபு, மொழியாக மட்டுமே இருக்க முடியும். மலப்புரம் மாவட்டத்தில் ஏறத்தாழ முப்பது ஆண்டு அரபு கற்பித்து 2016-இல் ஓய்வுபெற்ற கோபாலிகா அந்தர்ஜனம் நம்பூதிரிக் குடும்பத்தவர். தொடக்கத்தில் எதிர்ப்புகளைச் சந்தித்தே அவர் வேலையில் நிலைத்தார். பள்ளியில் அரபு மொழியாகவும் மதரசாவில் அதே எழுத்து ஓதலாகவும் ஒரே குழந்தையிடம் வந்து சேர்வது கேரளத்தின் தனிச்சிறப்பு. இரண்டு ஆசிரியர்களும் ஒருவர் பாடத்தை ஒருவர் அறிந்து நடத்தினால் அது பெரிய வாய்ப்பு. ஆனால் இரண்டும் தனித்தனி வாரியம், தனித்தனிப் பாடநூல்.

மலைப்பகுதிகளில் இந்த ஏற்பாடு எளிதில் மெலியும். பொன்முடி அடங்கிய பெரிங்ஙம்மலை ஊராட்சியின் அடிவாரத்தில் 1964 முதல் இக்பால் கல்லூரி இருக்கிறது. கீழே விதுர, நெடுமங்காடு பக்கம் பள்ளிவாசல்களும் மதரசாக்களும் உண்டு. மேலே தோட்ட லயங்களில் விரல்விட்டு எண்ணத்தக்க குடும்பங்களே என்றால் கணக்கு மாறுகிறது. மொழி ஆசிரியர் பணியிடம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. மதரசா, மஹல் எனும் பள்ளிவாசல் ஜமாஅத்தின் சந்தாவைப் பொறுத்தது. இரண்டும் எட்டாத இடத்தில் வார இறுதியில் ஒருவர் மலையேறி வந்து நடத்தும் வகுப்போ, கைப்பேசித் திரையில் வரும் வகுப்போதான் மிச்சம்.

யார் கற்பிக்கிறார்

தமிழ் பேசும் உலகில் வார இறுதியையே அமைப்பாக்கிக் காட்டியது இலங்கை. அங்கே அஹதிய்யா பாடசாலைகள் ஞாயிறு தோறும் கூடுகின்றன. பௌத்தர்களின் தஹம் பாசலுக்கு இணையானவை. முஸ்லிம் சமயப் பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தின் மேற்பார்வை உண்டு, பாடநூல் உண்டு, இறுதிச் சான்றிதழுக்கு அரசுப் பரீட்சை உண்டு. பாடத்தின் பெரும்பகுதி சமய அறிவு, பயிற்றுமொழி பெரும்பாலும் தமிழ். அரபு அதில் ஒரு கூறு. மொழியையே கற்றுத்தருவதாக அவை மார்தட்டுவதில்லை என்பதே அவற்றின் பலம். சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமும் பள்ளிவாசல்களில் வயதுவாரியாகப் பிரித்த வார இறுதிப் பாடத்திட்டத்தை நடத்துகிறது. இரண்டு இடங்களிலும் குழந்தை ஆண்டு முடிவில் எதை அறிந்திருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

நம் ஊர் ஞாயிறு வகுப்பு அப்படி எழுதி வைக்கத் தொடங்கினால், சில முடிவுகளை எடுத்தாக வேண்டும். எழுத்துப் பழக்கம் ஞாயிற்றுக்கு உரியதே அல்ல. அது நாளுக்குப் பத்து நிமிடம் வீட்டில் நடக்க வேண்டிய வேலை. வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம் கூட்டி வைத்து எழுத்துக் கூட்டச் சொல்வது நேரத்தை வீணடிப்பது. குழு கூடும் நேரம், வாய்விட்டுப் பேசுவதற்கும் கேட்பதற்கும் ஏற்கெனவே மனப்பாடமாயிருக்கும் சிறு சூராக்களின் சொற்களைப் பிரித்துப் பொருள் காண்பதற்கும் ஏற்றது. இலக்கணமும் வாசிப்பும் பத்து வயதுக்கு மேல் வைத்துக்கொண்டால் இழப்பு ஏதுமில்லை என்றே பார்சலோனா முடிவுகள் நினைக்க வைக்கின்றன. அரபு எழுத்தில் தமிழ் வாக்கியம் இரண்டை வாரந்தோறும் எழுத வைப்பது பழைய பாலத்தில் சில பலகைகளையாவது திரும்பப் போடும். அதற்குப் புதிய நூல்கூட வேண்டாம், கீழக்கரை, காயல்பட்டினப் பழம் பிரதிகளே போதும்.

இதையெல்லாம் செய்ய வேண்டியவர் ஆசிரியர். கேரள அரசுப் பள்ளியில் அரபு கற்பிக்க வருபவர், மொழி ஆசிரியர்களுக்கான கே-டெட் நான்காம் பிரிவுத் தேர்வு எழுதித் தேற வேண்டும். மதரசா ஆசிரியர்களுக்கு வாரியத்தின் பயிற்சியும், 2019-இல் சட்டமான நல நிதியும் உண்டு. ஞாயிறு வகுப்புக்கு வருபவர் பெரும்பாலும் பள்ளிவாசல் இமாம், அரபுக் கல்லூரி மாணவர் அல்லது ஓதத் தெரிந்த இல்லத்தரசி. தேர்வும் இல்லை, கையேடும் இல்லை, மாதம் முடிந்தால் கவரில் வைத்துக் கொடுக்கும் ஹதியா. நூறாண்டுக்கு முன் திருவிதாங்கூரின் தொடக்கப்பள்ளி அரபு ஆசிரியருக்கென்று கையேடு எழுதி, தேர்வுக்கு முதன்மைத் தேர்வாளராகவும் இருந்தார் ஒருவர். வார இறுதி ஆசிரியருக்கு அப்படியொரு கையேட்டைத் தமிழிலோ மலையாளத்திலோ எழுதும் வேலையை, பாடநூல் வாரியங்களும் பல்கலைக்கழக அரபுத் துறைகளும் யாருடைய பொறுப்பு என்று இன்னும் பிரித்துக்கொள்ளவில்லை.